செப்பில் இட்டவர் யார்?

அத்தியாயம் ஐந்து

திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடை மாடியில், 'துப்பறியும் நிபுணர் துளசிராமன்' என்று ஒரு போர்டு தொங்குவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதில் 'நிபுணர்' என்பதைச் சேர்த்தவன் நான். என் பெயர் ஹனீப். உதவியாளன். போர்டில் எனக்கு இடம் இல்லை.

துளசிராமன் இந்தத் தொழிலுக்கு வருமுன் சென்னையில் ஒரு அகராதி அச்சகத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்தார். 'அ'வில் தொடங்கிய அகராதி 'செ'வைத் தாண்டுவதற்குள் அச்சகத்தை மூடிவிட்டார்கள். ஆகையால் 'அ' முதல் 'செ' வரை அவருக்குத் தெரியாத சொல் கிடையாது. அதற்குப் பிறகு அவரும் நம்மைப் போலத்தான். என் பெயர் 'ஹ'வில் தொடங்குவதால் முதல் ஒரு மாதம் என்னை "ஏம்ப்பா" என்றுதான் கூப்பிட்டார்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் தை மாதத்தில் ஒரு காலை வேளை, மாடிப்படி ஏறி ஒரு பெண் வந்தாள். பெயர் கனகாம்பாள். வெயிலில் வெகு தூரம் நடந்த கால்கள். கண் வீங்கியிருந்தது, ஆனால் அழுகை எல்லாம் முந்தைய நாளே முடிந்துவிட்டது போலிருந்தது.

"எங்க ஊட்டுக்காரு பேரு தேசப்பன் சார். பொன்னேரி பக்கத்து ஆரணிதான் ஊரு. வித்தை காட்றவரு. பழவேற்காட்ல ஒரு பாய் ஊட்டுக் கல்யாணத்துல வித்தை காட்டக் கூப்ட்டாங்க. காட்னாரு. இப்ப நாலு நாளா ஸ்டேஷன்ல கீறாரு."

"வித்தை அவ்ளோ மோசமாவா இருந்துச்சு?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. துளசிராமன் என்னைப் பார்த்த பார்வையில் நானும் சிரிக்கவில்லை. அவள் சொன்ன கதை இது.

பழவேற்காட்டில் ஜலாலுதீன் பாய் என்று ஒரு பெரிய கருவாட்டு வியாபாரி. அவர் மகள் ஆபிதாவுக்குக் கும்மிடிப்பூண்டி அரிசி மண்டிக்காரர் மகனோடு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. ஜலாலுதீன் பாயின் பாட்டனார் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஆணிமுத்து ஒன்று வீட்டில் உண்டு. கொண்டைக்கடலை அளவு. அதை மாப்பிள்ளைக்கு மோதிரமாகப் போடுவதாக ஜமாஅத்தின் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தார். நிக்காஹுக்கு முந்தைய மாலை விருந்து. விருந்துக்கு வித்தைக்காரன்.

தேசப்பன் மூன்று கிண்ணங்களைக் கவிழ்த்து, மரக்குண்டை ஒன்றில் வைத்து இன்னொன்றில் எடுத்துக் காட்டினான். எல்லாரும் ரசித்தார்கள், ஒருவரைத் தவிர. அவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் அசன் முகைதீன். "மரக்குண்டை வெச்சு எவனும் ஏமாத்துவான். முத்தை வெச்சுக் காட்டு பாப்பம்" என்றார். தேசப்பன் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாமென்றான். மாப்பிள்ளை வீட்டாரின் ஆசையை மறுக்க ஜலாலுதீன் பாயால் முடியவில்லை. முத்து வந்தது. தேசப்பன் அதை நடுக்கிண்ணத்தின் கீழ் வைத்தான். "தூக்குறது நான்" என்று அசன் முகைதீன் எழுந்து வந்து கிண்ணத்தைத் தூக்கினார். காலி. கைதட்டல். அடுத்த கிண்ணம், காலி. இன்னும் பலத்த கைதட்டல். மூன்றாவதும் காலியானபோது கூட்டம் கொண்டாடியது; வித்தைக்காரன் முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

விருந்துக்கு வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் அருணாச்சலம் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தார். தேசப்பன் கையைத் தூக்கி எதையோ காட்டப் போனான். "செப்புல..." என்றான். அவ்வளவுதான். எஸ்.ஐ.யின் பிரம்பு அவன் தாடையில் இறங்கியது.

"தாடை எலும்பு பூட்ச்சு சார். அதுக்கப்பறம் ஒரு வார்த்தை பேசலை. பேச முடியலை. கையில வெலங்கு. எழுதவும் தெரியாது." கனகாம்பாள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள முத்து வரலைன்னா வெரலு ஒண்ணொண்ணா ஒடைப்பேன்னு எஸ்.ஐ. சொல்லிக்கீறாரு. வெரலு பூட்டா, எங்களுக்கு இன்னா சார் இருக்குது?"

துளசிராமன் சட்டையை மாட்டிக்கொண்டார்.

பொன்னேரி பஸ்ஸில் மூவரும் ஏறினோம். சோழவரத்தில் அப்போதுதான் கார் ரேஸ் விட ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் டிரைவர் அதில் கலந்துகொள்ளாதது தேசத்துக்கு நஷ்டம் என்று அந்த வளைவுகளில் எனக்குத் தோன்றியது.

*

ஸ்டேஷன் எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. எந்த ஊர் என்று வைத்துக்கொண்டாலும் பொருந்தும்.

எஸ்.ஐ. அருணாச்சலம் எங்களை வரவேற்றார். "ஓ, துப்பறியறவரா? வாங்க. எங்களுக்கு ரெஸ்ட் குடுக்க வந்திருக்கீங்க."

"தேசப்பனைப் பாக்கணும்" என்றார் துளசிராமன்.

"பாக்க முடியாது. விசாரணையில இருக்கான்."

"பேச முடியாதவர்கிட்ட என்ன விசாரணை?"

"பேச வைக்கத்தானே வாயில அடிச்சேன்" என்றார் எஸ்.ஐ. அதில் என்ன தவறு என்று அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"கடைசியா ஒரு வார்த்தை சொன்னாராமே?"

"சொன்னான். 'செப்பல'ன்னான். நான் ரொம்ப வருஷம் நெல்லூர்ப் பக்கம் வேலை பாத்தவன். தெலுங்குல செப்புறதுன்னா சொல்றது. செப்பலன்னா, 'சொல்லலை, உன்னால ஆனதைப் பாரு'ன்னு அர்த்தம். ஒரு ஆபீசரைப் பார்த்து எவ்ளோ திமிரு."

மூலையில் நின்ற ஏட்டு முனுசாமி தொண்டையைச் செருமினார். "சார் தப்பா நெனைக்கக்கூடாது. எனக்கு 'செப்புல'ன்னுதான் காதுல வுளுந்தது. செப்புன்னா தாமிரம். அதான் அந்த ஊட்ல கீற செப்புப் பாத்திரம் பூரா கவுத்துப் பாத்துட்டேன்."

"பிரியாணி அண்டாவையுமா?" என்றேன்.

"அதைத்தான் மொதல்ல" என்றார் ஏட்டு. அவருடைய சட்டையில் இன்னும் மஞ்சள் கறை இருந்தது.

கொட்டடிக் கம்பிகளுக்கு அப்பால் இரண்டு கால்கள் தெரிந்தன. ஒன்றின் மேல் ஒன்று போட்டு, சற்றும் அசையாமல். கனகாம்பாள் வாசலில் நின்று அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் டயம்" என்றார் எஸ்.ஐ. "அப்புறம் வலது கை."

துளசிராமன் கேட்டார், "சட்டத்துல அது எந்த செக்‌ஷன் சார்?"

"என் செக்‌ஷன்" என்றார்.

*

கனகாம்பாளை ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பழவேற்காட்டுக்கு ஜட்கா பிடித்தோம். குதிரைக்கு எங்கள் அவசரம் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

"சார், மெய்யாலுமே செப்புன்னா இன்னா? உங்க எழுத்துக்குள்ள வர்ற வார்த்தைதானே?"

துளசிராமனின் முகம் மலர்ந்தது. "கடைசி அச்சுப் பாரத்துல திருத்தினது, ஹனீபு. மூணு அர்த்தம். ஒண்ணு, சொல்றது. நாம செப்புறதை விட்டுட்டோம், தெலுங்குக்காரங்க விடலை. ரெண்டு, தாமிரம். மூணு, சிமிழ், சின்ன டப்பா. பொண்ணு குழந்தைங்க சோறு பொங்கி விளையாடுற சொப்பு இருக்கே, அதுவும் இதே செப்புதான். சின்னச் செப்புல ஒண்ணை இட்டு இன்னொண்ணுல எடுக்கறதால செப்பிடு வித்தை. ஜனங்க வாயில தேய்ஞ்சு செப்படி வித்தை ஆயிடுச்சு."

"அப்ப எஸ்.ஐ. மொதல் அர்த்தத்துக்கு அடிச்சாரு. ஏட்டு ரெண்டாவது அர்த்தத்துக்குப் பிரியாணியைக் கொட்டினாரு. மூணாவதுக்கு மட்டும் யாரும் வேலை செய்யல."

"அதையும் செஞ்சாங்க. கிண்ணத்தைத்தான் தூக்கிப் பாத்தாங்களே. மூணும் காலி." அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "காலின்னு எல்லாரும் பாத்தப்புறமும் 'செப்புல'ன்னு ஏன் சொன்னான்? அதுதான் இடிக்குது."

ஜலாலுதீன் பாய் வீட்டுப் பந்தலில் காகிதத் தோரணம் வாடிக் கிடந்தது. அவர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். வெள்ளைத் தாடி, தூங்காத கண்.

"மாமு, சலாம்" என்றேன். "நாங்க வித்தைக்காரர் பக்கம்."

"உக்காருங்க தம்பி. எந்தப் பக்கமா இருந்தாலும் எனக்கு முத்து வந்தாப் போதும். ஜமாஅத் முன்னாடி குடுத்த வாக்கு. மாப்ளை ஊட்டுக்காரங்க சாயங்கால ரயிலுக்குப் போறாங்களாம். அவங்க போய்ட்டா, என் பொண்ணு கல்யாணம் நின்னுபோன பொண்ணு. முத்தை நானே ஒளிச்சிட்டேன்னு வேற பேச்சு."

அந்தப் பேச்சைக் கிளப்பியவர் எதிரிலேயே சாய்வு நாற்காலியில் சாய்ந்திருந்தார். அசன் முகைதீன். உருண்ட உடம்பு, பை வைத்த அகலமான பச்சை பெல்ட், வாய் நிறைய வெற்றிலை. மாப்பிள்ளை அவர் பின்னால் நின்றிருந்தான். நல்ல உயரம், நல்ல முகம். கடைசிவரை ஒரு வார்த்தை பேசாமலிருக்கப் பயிற்சி எடுத்தவன் போல நின்றான்.

"நீங்கதான் கிண்ணத்தைத் தூக்கினீங்களாமே?" என்றார் துளசிராமன்.

"நான்தான். அதனாலதான் 'மொதல்ல என்னைச் சோதிங்க'ன்னு சொன்னேன். தொப்பி, சட்டை, பெல்ட்டு, வெத்தலைப் பொட்டி, எல்லாத்தையும் எஸ்.ஐ. முன்னாடி தொறந்து காட்னேன். மடியில கனமில்லாதவனுக்கு இன்னா பயம்?" அவர் அடுத்த வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார். "அந்த ஆளு வித்தைக்காரன். செப்புலன்னா அவன் கிண்ணத்தைச் சொல்றான். கிண்ணத்துலேர்ந்து எப்பவோ கடத்திட்டான். இதுக்கு டிடெக்டிவ் எதுக்கு?" பிறகு உட்பக்கம் திரும்பினார். "கொஞ்சம் சுண்ணாம்பு குடுத்தனுப்புங்க."

உள்ளேயிருந்து ஒரு இலையில் சுண்ணாம்பு வந்தது.

துளசிராமன் ஜலாலுதீன் பாயின் அனுமதியோடு கதவுக்குப் பின்னால் இருந்த ஆபிதாவிடம் சில கேள்விகள் கேட்டார். அசன் முகைதீன் அதற்குள் முற்றத்தில் துப்பப் போயிருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குரலில் அழுகை இல்லை. ஒரு மாதிரியான எரிச்சல் இருந்தது.

"நான் திரைக்குப் பின்னாடி இருந்தேன். எல்லாரும் வித்தைக்காரர் கையைப் பாத்தாங்க. எனக்குக் கை தெரியலை, அவர் மூஞ்சிதான் தெரிஞ்சுது. கிண்ணம் தூக்கினதுக்கப்புறம் அவர் கிண்ணத்தைப் பாக்கவே இல்லை. அசன் மாமாவோட இடுப்பைப் பாத்துக்கினு இருந்தாரு."

"மாமா அப்ப என்ன பண்ணினார்?"

"இன்னா பண்ணுவாரு? உக்காந்து வெத்தலை போட்டாரு. ஊரே கை தட்டுது, அவர் வெத்தலை போடறாரு. போடட்டும். ஆனா அன்னியிலேர்ந்து இந்த ஊட்டு சுண்ணாம்பு முழுக்க அவருக்கே செலவாவுது. அவருக்கும் ஒரு பொண்ணு இருக்குது, ஆரிபா. மாப்ளைக்கு மொறைப்பொண்ணு. அந்தக் கல்யாணத்துக்காவது சொந்தமா சுண்ணாம்பு வாங்கிக்கினு போவச் சொல்லுங்க."

ஜலாலுதீன் பாய் "ஆபிதா" என்று அதட்டினார். கதவு சாத்திக்கொண்டது. சாத்துவதற்கு முன் இன்னும் ஒரு வாக்கியம் வந்தது. "மாப்ளைக்கு வாய் இருக்குதான்னும் கேட்டுச் சொல்லுங்க."

திரும்பும் வழி முழுக்கத் துளசிராமன் 'செப்புல, செப்புல' என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்குக் கிண்டல் வரவில்லை. சூரியன் ஏரிப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது, எஸ்.ஐ. சொன்ன சாயங்காலம் எங்களைவிட வேகமாக ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

*

கனகாம்பாள் வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. சுருக்குப்பையைப் பிரித்து வெற்றிலை எடுத்தாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் கிண்ணத்தைச் செப்புன்னு சொல்வாரா?" என்றார் துளசிராமன்.

"கிண்ணியையா? அத்தை ஏன் செப்புன்னப் போறாரு? கிண்ணின்னுதான் சொல்லுவோம். செப்பிடு வித்தைன்றது வெளியாளுங்க வெச்ச பேரு சார். எங்களுக்கு அது குண்டாட்டம்."

துளசிராமன் அப்படியே நின்றார். "அப்ப அவர் கிண்ணத்தைச் சொல்லலை."

"எத்தைச் சொன்னாரோ." அவள் வெற்றிலையைத் தொடையில் துடைத்தாள். "தம்பி, உன் காலாண்ட வுழுந்து கீது பாரு, அந்தச் செப்பைக் கொஞ்சம் எடு."

நான் குனிந்தேன். என் செருப்பருகே ஒரு சின்னத் தகர டப்பி கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்து, விரல் நுனியால் சுண்ணாம்பைத் தொட்டு இலையில் தடவினாள்.

துளசிராமன் அந்த டப்பியருகே குனிந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா சார்?"

"இதுக்குப் பேர் என்ன சொன்னீங்க?"

"செப்பு. சுண்ணாம்புச் செப்பு. நீங்க டப்பின்னுவீங்க. எங்க மாமியா ஊட்ல எல்லாம் செப்புதான்."

"ஹனீபு" என்றார் துளசிராமன், மிகவும் மெதுவாக. "வெத்தலைப் பொட்டியும் கையுமாத் திரியற மனுஷன், ஏன் அடுத்தவன் வீட்டு சுண்ணாம்பைக் கேக்கறான்?"

"சார், அப்ப போயி அந்த ஆள் பெல்ட்டைப் புடிச்சு இழுக்க வேண்டியதுதானே."

"இழுத்தா, இங்க கூட்டிட்டு வர்ற வழியில சுண்ணாம்பைக் கிணத்துல கொட்டிடுவான். எஸ்.ஐ. ஏற்கெனவே சோதிச்சாச்சு. தன் சோதனை தப்புன்னு ஒத்துக்க அவருக்கு இன்னொரு ஜென்மம் வேணும்." அவர் ஸ்டேஷன் படியேறினார். "அவனே இங்க வரணும். சந்தோஷமா வரணும்."

உள்ளே போய், கொட்டடிக்கும் கேட்கும்படி அவர் சொன்ன பொய்யை நான் இன்றுவரை மதிக்கிறேன். "சார், நீங்க சொன்னது சரி. அந்த ஆள் ஒத்துக்கத் தயாரா இருக்கான். அவன் பெண்சாதி சொல்றா. ஆனா ரெண்டு வீட்டுக்காரங்களும் இங்க வரணுமாம். பெரியவர் அசன் முகைதீன் காலில விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் முத்தைத் தருவானாம்."

எஸ்.ஐ. நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்வையாளர்கள் வருகிறார்கள் என்றதும் மீசையைத் தடவினார். ஏட்டு முனுசாமியைச் சைக்கிளில் அனுப்பினார்.

"அவன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசணும்" என்றார் துளசிராமன்.

"ஒரே வார்த்தைதான்."

துளசிராமன் சொல்லை வீணாக்காதவர். கம்பியருகே குனிந்து, 'செப்பு' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். தாடையைத் துண்டால் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்த அந்த மனிதன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான். பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்து, விலங்கு மாட்டிய விரல்களை மடக்கி மடக்கி விரித்தான்.

*

ஜலாலுதீன் பாயும் மாப்பிள்ளையும் அசன் முகைதீனும் ஜட்காவில் வந்து இறங்கியபோது வெயில் இன்னும் மஞ்சளாக இருந்தது. அசன் முகைதீன் முகத்தில் குழப்பம் தெரிந்தது. இல்லாத முத்தை இவன் எப்படித் தரப்போகிறான் என்ற யோசனை. ஆனாலும் நாலு பேர் முன்னால் ஒருவன் காலில் விழ வருகிறான் என்றால் யாரால் மறுக்க முடியும்? நடுவில் வந்து நின்று, பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார்.

தேசப்பனின் விலங்கைக் கழற்றினார்கள். அவன் தள்ளாடி வந்து, அப்படியே அவர் காலில் விழுந்தான். பாதத்தைத் தொட்டான், முழங்காலைக் கட்டிக்கொண்டான், அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கனகாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சரி சரி, வுடு" என்றார் அசன் முகைதீன், பெருந்தன்மையோடு.

"பாய், கொஞ்சம் சுண்ணாம்பு இருக்குமா?" என்றார் துளசிராமன்.

"ஆயிப் போச்சு" என்றார் அவர், யோசிக்காமலே. கை மட்டும் பெல்ட்டுக்குப் போயிற்று. போன கை அங்கேயே நின்றது. பெல்ட்டின் பையைத் தடவியது. மறுபக்கம் தடவியது. அந்தத் தடவலில் அவர் முகம் மாறியதை எல்லாரும் பார்த்தோம்.

தேசப்பன் வலது கையை விரித்தான். உள்ளங்கையில் வெள்ளிச் சுண்ணாம்பு டப்பி இருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குள், சப்-இன்ஸ்பெக்டர் முன்னிலையில், அனுமதியோடு நடந்த முதல் திருட்டு அதுதான் என்று நினைக்கிறேன்.

"இதுதான் செப்பு" என்றார் துளசிராமன். "சொல்றதும் இல்லை, தாமிரமும் இல்லை. இதைத்தான் அவர் அன்னிக்குக் கையைத் தூக்கிக் காட்டினார். திறங்க சார்."

எஸ்.ஐ. மூடியைத் திறந்தார். "இதை நான் அன்னிக்கே பாத்தேன். சுண்ணாம்பு இருந்தது. இப்பவும் இருக்கு."

"தொட்டுப் பாத்தீங்களா?"

"சுண்ணாம்பை எதுக்குய்யா தொடணும்?"

ஏட்டு முனுசாமி, பிரியாணி அண்டாவுக்குள் தோள்வரை கைவிட்ட அனுபவம் உள்ளவர், டப்பியை வாங்கி மேஜை விளிம்பில் தட்டினார். சுண்ணாம்பு கட்டியாக விழுந்து உடைந்தது. உள்ளேயிருந்து கொண்டைக்கடலை அளவில் ஒன்று உருண்டு, மேஜை நடுவில் நின்றது.

ஜலாலுதீன் பாய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

அசன் முகைதீன் சுதாரித்துக்கொண்டார். அந்த விஷயத்தில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். "இதோ பாருங்க எஸ்.ஐ. சார். என் இடுப்புலேர்ந்து எனக்கே தெரியாம டப்பியை எடுத்தான், நீங்க எல்லாரும் பாத்தீங்க. எடுக்கத் தெரிஞ்சவனுக்கு உள்ள வைக்கத் தெரியாதா? இப்பத்தான் வெச்சிருக்கான். முத்து அவன்கிட்டதான் இருந்தது. இது இன்னொரு வித்தை."

எஸ்.ஐ.யின் தலை மெல்ல மேலும் கீழும் ஆட ஆரம்பித்தது. "பாய் சொல்றது நியாயமா இருக்கே" என்றார். அவர் கண் சுவரில் சாய்த்து வைத்திருந்த பிரம்பைத் தேடியது. எங்கள் புத்திசாலித்தனத்தால் அந்த மனிதனின் பத்து விரலையும் நாங்களே மேஜை மேல் எடுத்து வைத்துவிட்டோம்.

துளசிராமன் உடைந்த கட்டியில் ஒரு துண்டை எடுத்து எஸ்.ஐ.யின் உள்ளங்கையில் வைத்தார். "நசுக்குங்க சார்."

எஸ்.ஐ. நசுக்கினார். நசுங்கவில்லை.

"முத்து பெருசு. மூடி சரியாப் பொருந்தலை. காத்துப் புகுந்து சுண்ணாம்பு காரை மாதிரி இறுகிப்போச்சு. இந்தத் துண்டுல பாருங்க, முத்து உக்காந்திருந்த பள்ளம் அச்சுப் பதிஞ்ச மாதிரி இருக்கு. ஈர சுண்ணாம்புல வெச்சாத்தான் இப்படிப் பதியும். இறுகறதுக்கு நாள் வேணும். அத்தனை நாளும் தேசப்பன் எங்க இருந்தார்? உங்க கொட்டடியில. கையில என்ன இருந்தது? உங்க விலங்கு." அவர் அசன் முகைதீன் பக்கம் திரும்பினார். "கிண்ணத்தைத் தூக்கும்போதே முத்தை விரலிடுக்குல எடுத்தீங்க. ஊர் கை தட்டும்போது வெத்தலை போட உக்காந்து செப்புல இட்டீங்க. செப்பிடு வித்தைன்னா அதுதான். அன்னியிலேர்ந்து சொந்த சுண்ணாம்பைத் தொட முடியாம, பொண்ணு வீட்டு சுண்ணாம்பைக் கேட்டு வாங்கிக்கிட்டு இருந்தீங்க."

அசன் முகைதீன் மாப்பிள்ளையைப் பார்த்தார். "எல்லாம் ஆரிபாவுக்காவத்தான்டா. நீ என் ஊட்டுக்கு வரவேண்டிய புள்ளை. சின்ன வயசுலேர்ந்து பேச்சு. உங்க வாப்பா மறந்துட்டாரு."

மாப்பிள்ளை முன்னால் வந்தான். மேஜை மேலிருந்த முத்தை எடுத்து வேட்டி நுனியில் துடைத்தான். சுண்ணாம்பு போயிற்று, ஒளியும் போயிருந்தது. பழைய பல் மாதிரி மங்கலாக இருந்தது. அதை ஜலாலுதீன் பாய் கையில் வைத்தான்.

"ஒளி பூட்டுது மாமா. பரவால்லை. நிக்காஹை நாளைக்கே வெச்சிக்கலாம்" என்றான். குரல் நன்றாகவே இருந்தது. இத்தனை நாள் அதை எதற்குச் சேமித்து வைத்திருந்தான் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஜலாலுதீன் பாய் முத்தை முடிந்துகொண்டு தேசப்பனிடம் போனார். அவன் தாடைக் கட்டைப் பார்த்தார். தன் தோளிலிருந்த சால்வையை எடுத்து அவன் மேல் போர்த்திவிட்டு, "பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில போவலாம் தம்பி" என்றார்.

எஸ்.ஐ. அருணாச்சலம் அதற்குள் உற்சாகமாக எழுத ஆரம்பித்திருந்தார். "போலீஸின் இடைவிடாத விசாரணையின் பலனாக..." என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார். "'இடைவிடாத'வுக்குப் பின்னாடி ஒற்று வருமா சார்?" என்று துளசிராமனிடம் சந்தேகம் வேறு கேட்டார்.

"வராது" என்றார் துளசிராமன். அதற்குமேல் விளக்கவில்லை.

அசன் முகைதீனைக் கொட்டடிக்குள் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் வாசலுக்கு நகர்ந்தார்கள். கனகாம்பாள் மட்டும் நகரவில்லை. எஸ்.ஐ. மேஜைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த பெஞ்சில் அவளை அதுவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"என்னம்மா? புருஷனைத்தான் விட்டாச்சே. கெளம்பு."

"ஒரு கேஸு எழுதணும் சார்."

"என்ன கேஸு?"

"அவரு தாடை ஒடைஞ்ச கேஸு."

எஸ்.ஐ. சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. வாசல்வரை போன ஜலாலுதீன் பாய் திரும்பி வந்து அந்த பெஞ்சில் அவளுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். மாப்பிள்ளை சுவரோரம் நின்றான். துளசிராமன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு அச்சுப் பிழையைப் பார்ப்பது போல எஸ்.ஐ.யைப் பார்த்தார். ஏட்டு முனுசாமி, யார் பக்கமும் பார்க்காமல், ஒரு வெள்ளைத் தாளை மேஜையில் எடுத்து வைத்தார்.

எஸ்.ஐ. பேனா மூடியை மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு தாளை இழுத்துக்கொண்டார்.

"புகார் குடுக்கறவங்க பேரு?"

"கனகாம்பாள்."

"அடிச்சவன் பேரு?"

"உன் பேருதான் சார்" என்றாள் அவள். "நீயே எழுதிக்கோ. எனக்கு எழுதத் தெரியாது."